தாடையும் மண்டையோடும்

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்தாயாம். அண்ணி போனில் சொன்னார்கள். சாப்பாடுதான் இறங்கவில்லை என்றார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே அருங்காட்சியகப் பட்டறையில் கூரை ஒழுகுகிறது. எலும்புப் பெட்டிகளை நடைவழியில் அடுக்கியிருக்கிறோம். ஆதி மனிதர்களைத் தாண்டித்தான் இப்போது கழிப்பறைக்கே போக வேண்டும்.

ஒரு விஷயம் அண்ணா. வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது. குகையில் நீ கண்டெடுத்த மண்டையோட்டில் நான் ஒட்டிய தாடை போன மாதம் கழன்றுவிட்டது. ஈரம்தான் காரணம். பழைய பசையைக் கரைத்துத் துடைத்துவிட்டுப் பொருத்தினேன், உட்காரவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடைவெளியை என் பசைதான் நிரப்பியிருக்கிறது.

மண்டையோட்டின் மேல்வரிசையில் மிஞ்சிய பல்வேர்களை ஸ்கேன் செய்தோம். அவை மெலிந்தவை. கீழ்த்தாடையில் இருப்பவையோ முரட்டுப் பற்கள். இரண்டும் ஒரே ஆள் இல்லை. ஒரே இனமும் இல்லை. ஒரே மண்ணடுக்கில், ஒரே காலத்தில், இரண்டு வகையினர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். "மனுஷன் வந்தது ஒத்தையடிப் பாதைப்பா" என்று மாணவர்களிடம் சொல்வாயே, அது அப்படியில்லை. இரண்டையும் ஒரே ஆளாக்கி நீ புது இனமென்று பெயர் வைத்த அந்த ஒருவன் இருந்ததே இல்லை.

தாடையை ஒட்டிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம். கேட்டதற்கு, "மண்ணு அழுத்தி வளைஞ்சிருக்கும், ஒட்டு" என்றாய். அப்பா போன பிறகு நீ முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை, ஒட்டிவிட்டேன். பழியில் பாதி என்னுடையது.

உன் பழைய மாணவி, இப்போதைய துறைத்தலைவி, இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். "சாருக்கு இப்ப எதுக்கு, அப்புறமா..." என்று இழுத்துப் பாதியில் நிறுத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. "அவர் தப்பை அவரே திருத்தட்டும், அவர் பேர்தான் முதல்ல வரணும்" என்று பிடிவாதம் பிடித்தேன். உன் பதில் வரும்வரை அதை இதழுக்கு அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

கோபமிருந்தால் திட்டியே எழுது. கை நடுங்கினால் அண்ணியை எழுதச் சொல். ஆனால் ஒரு வரியில் முடித்துவிடாதே அண்ணா. நீளமாக எழுது. தினம் கொஞ்சமாக, அவசரப்படாமல், எத்தனை மாதம் ஆனாலும் சரி.

காத்திருக்கும்,
உன் தங்கை