ஓடைக்கரையோடு நின்றுபோன தடம்

ஒக்டோபர் 12, சனி. கோல்டிங்.

வில் வேட்டைக்குப் போனேன், மான் கிடைக்கவில்லை. நான் அம்பை விட்ட அதே கணத்தில் அது ஓரடி முன்னே வைத்துவிட்டது. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டது. முதுகை வளைத்துக்கொண்டு காட்டுக்குள் அது போனபோதே தெரிந்துவிட்டது, இது சுலபமாகச் சாகாது.

நான் கூப்பிட, காயப்பட்ட மான்களைத் தேடப் பழக்கிய தன் நாயோடு பிர்கிட் என்ற பெண் வந்தார். மத்தியானம் முழுக்க இரத்தத் துளிகளின் பின்னால் நடந்தோம். ஓடைக்கரையில் நாய் நின்றுவிட்டது. அக்கரையிலும் ஒன்றுமில்லை. "யாருக்கும் நடக்கிறதுதான், வீட்டுக்குப் போங்கள்" என்று டெனிஷில் சொன்னார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போன பிறகும் இருட்டும்வரை தனியே பற்றைகளை விலக்கிப் பார்த்தேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. புரொண்பி நகரில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மான்தானேடா, இன்னொண்டு கிடைக்கும்."

"அதில்லை அண்ணை, அது இன்னும் உயிரோடை எங்கையோ கிடக்குது."

"தனிய இருந்து உனக்கு விசர் பிடிக்கப் போகுது. இஞ்சை வந்து எங்களோடை இரன்."

"ஓம், வாறன்" என்றேன். வரமாட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

சாப்பிட ஏதாவது எடுக்கலாமென்று குளிர்பெட்டியைத் திறந்தேன். இறைச்சி வைப்பதற்காகக் காலையில் நான் ஒதுக்கிய தட்டு வெறுமையாக இருந்தது. பழைய சாமான்களை அதில் திருப்பி அடுக்க மனம் வரவில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. இனி நாயாலும் மணம் பிடிக்க முடியாது. என்றாலும் விடிந்ததும் ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.