பத்தாவது கதிரை

நோபிள் பார்க்,
மெல்பேர்ண்.

அன்பு மகன் பிரஷாந்தனுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். நீயும் நிரூபாவும் சின்னவளும் டொரோண்டோவில் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அங்கே வெயிலாம், இங்கே குளிரும் மழையும், இரண்டு சொக்ஸ் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிட்னியிலிருந்து உன் அக்கா கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். கோல்ஃபீல்டில் நான் வேலை செய்யும் யூதர்களின் செபக்கூடம் உனக்குத் தெரியும்தானே, கதவு திறந்து, கூட்டித் துடைத்து, கதிரை அடுக்குவது நான். போன செவ்வாய் பின்னேரம் சில்பர் என்ற கிழவனார் மனைவியின் நினைவு நாளுக்குச் செபம் சொல்ல வந்திருந்தார். எங்கள் திவசம் மாதிரித்தான், ஆனால் அவர்களுக்கு அந்தச் செபம் சொல்ல ஆண்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும், ஒன்பது பேர் என்றால் வாய் திறக்க முடியாது. அன்றைக்கு ஒன்பது பேர்தான். மனுஷன் கேக்கையும் விஸ்கிப் போத்தலையும் மேசையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் கிடந்த சின்னத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்து, புத்தகமும் ஒன்றை எடுத்துக்கொண்டு பத்தாவது கதிரையில் போய்ப் பெருமையாக இருந்துவிட்டேன். தொப்பி என் மொட்டையில் நிற்காமல் வழுக்கி மடியில் விழுந்தது. ரபி ஹெர்ஷல், அவர்தான் அவர்களின் ஐயர் மாதிரி, குனிந்து என் காதுக்குள், நித்தி உன் மனம் பெரிது, ஆனால் யூதன்தான் இதில் பத்தாவது ஆளாகலாம் என்றார். ஆள் குறைகிற இடத்திலும் என்னைச் சேர்க்காதது இது இரண்டாவது தடவை மகன், முதல் தடவை பள்ளிக்கூடத்து வொலிபோல் டீம்.

பிறகு ரபி பத்தாவது ஆள் தேடித் தெருவில் இறங்கினார், குடை பிடிக்க நானும் போனேன். எதிர்க் கோப்பிக் கடையில் அவருடைய ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் போன கிழமைதானே வந்தேன் என்றார், என்னவோ ஊசி போட்டுக்கொண்ட மாதிரி. ஒருவர் கோப்பி ஆறிவிடும் என்றார். மூன்றாமவர் ரபியைக் கண்டதும் போனைக் காதில் வைத்து ஓம் ஓம் என்று தலையாட்டினார், போன் பிறகுதான் அடித்தது. நாலாமவர் இருந்த மேசையிலேயே எங்களுக்காகச் செபிக்கிறேன் என்றார். கடைசியில் சைக்கிளில் வந்த யூதப் பெடியன் ஒருவனை ரபி மறித்துப் பிடித்தார், அவன் இறுக்கமான காற்சட்டையோடும் ஹெல்மெட்டோடும் வந்து நின்றான். கிழவனார் இரண்டு நிமிடச் செபத்தைச் சொன்னார். இவருக்கும் ஒரு மகன் இருக்கிறானாம், பிரைட்டனில், காரில் கொஞ்சத் தூரம்தான். அந்தக் கேக் அவன் கடைக்குச் சொல்லி அனுப்பியது. அப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு குசினியில் கேக் வெட்டிக்கொண்டு ரபி தன் சனத்தைக் கழுவி ஊற்றினார். எங்கள் புதுவருடம் வருகிறது நித்தி, வருடம் முழுக்க முகம் காட்டாதவர் வந்து கதிரை வசதியில்லை என்பார் என்றார். அது உண்மைதான், கதிரையைக் கழுவியவனுக்குத் தெரியாதா. உபவாச நாளில் அவர்கள் கார் ஓட்டக் கூடாது, அதனால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள், குப்பைத் தொட்டி தள்ளிப் போகிற என்னைக் கண்டால் கண்ணடிப்பார்கள். ரொட்டித் துகள்கூட வீட்டில் இருக்கக் கூடாத பண்டிகைக்கு வீடு துடைக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் கோல்ட் கோஸ்ட் ஹோட்டலுக்கு ஓடுகிறவர்களும் உண்டாம். முப்பது வருடம் கடவுளைப் பற்றிப் பேசினேன் நித்தி, என் உண்மையான வேலை பத்தாவது ஆளைப் பிடிப்பதுதான் என்றார்.

நான் விடுவேனா. எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் உங்கள் சனம் முனிவர்கள் என்றேன். எங்கள் கோயில் தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்கள் படம் எடுத்து முடிந்ததும் கையை விட்டுவிட்டார்கள், தேர் நடுவழியில் நின்றது, சுவாமி வெயில் காய்ந்தார். பட்டு வேட்டிக்காரர் எல்லோரும் போனைப் பார்த்துத் தங்கள் வயிறு தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்னதானத்துக்கு மட்டும் வடம் இல்லாமலே ஓடினார்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியோடு. கந்தசஷ்டி விரதகாரர் ஒருவரின் கார் டிக்கியில் மட்டன் ரோல்ஸ் மணத்ததையும் சொன்னேன். ரபி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் வடம் விட்ட ஆள்தான் என்று ஒத்துக்கொண்டேன், முழங்கால்.

இப்போது அம்மாவின் ஆட்டத்திவசக் கதைக்கு வருகிறேன், வருகிற மாதம் அவ போய் ஒரு வருடம் முடிகிறது. லீவு பார்க்கிறேன், சரிவராவிட்டால் ஸூம் போடுங்கோ என்று நீ அனுப்பிய மெசேஜைக் கண்டேன். கோயில் கமிட்டிச் சஞ்சீவிடம் கேட்டேன். அதுக்கென்ன அண்ணை, இப்ப எல்லாம் ஒன்லைன்தான், போனைத் தேங்காயில சாத்தி வைப்பம், மகன் அங்க இருந்தே எள்ளும் தண்ணியும் விடட்டும், ஐயர் பழகிட்டார் என்றான். நெட் நிண்டா அவ பாதி வழியில நிக்கிறதோ என்று கேட்டேன். டேட்டா காணும், மிச்சமும் இருக்கு அண்ணை என்றான். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் எங்களுக்குக் கோயில் நடத்துகிறார்கள். நீங்களே செய்யலாம்தானே என்றும் சொன்னான். மகன் இருக்கும்போது அது மகன் செய்ய வேண்டியது. எனக்குச் சம்பிரதாயம் பெரிதாகத் தெரியாது, மந்திரம் பாதியிலேயே எனக்கு நித்திரை வரும், ஆனால் அவ உன் கையாலே ஒரு வாய் தண்ணி எதிர்பார்ப்பா என்பது மட்டும் தெரியும். உன்னை வற்புறுத்தவில்லை. உனக்கும் வேலை, வீட்டுக் கடன், பிள்ளை.

சின்னவளுக்கு இருமல் என்றாய், மஞ்சள் போட்டுப் பால் கொடு. காரில் போகும்போது மெசேஜ் பார்க்காதே. நிரூபாவை நான் கேட்டதாகச் சொல். எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நிறைந்த மனத்தையும் ஆண்டவன் தர வேண்டும். வேட்டி கொண்டுவரத் தேவையில்லை, அம்மா உனக்கென்று எடுத்து வைத்தது அலுமாரியில் மடிப்புக் குலையாமல் இருக்கிறது, எள்ளும் வாங்கிவிட்டேன்.

உன் அன்பு அப்பா,
நித்தியானந்தன்

எழுதி முடித்த பிறகு ஒன்று. அன்றைக்கு ரபி போகும்போது, உன் மனைவியின் நாளுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். ஒருவன் போதும், என் மகன் என்றேன். ஒருவனா, கொடுத்துவைத்தவர்கள், நீங்கள் மழையில் தெருவில் இறங்கத் தேவையில்லை, வருவான்தானே என்றார். ஓம், வருவான் என்றேன். அவர்களுக்கு ஒருவர் குறைந்தால் ஒன்பது பேர் மிச்சம் இருப்பார்கள், எங்களுக்கு ஒருவன் குறைந்தால் யார் மிச்சம் என்று மட்டும் நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.