தண்ணி ஊத்தச் சொல்லாத புத்தகம்

மஸ்கட்

அம்மணி கீதாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் புள்ளைங்களும் சுகந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? போன்ல சொன்னா நீ ஸ்பீக்கர்ல போட்டுருவ, பல்லடமே கேக்கும். அதனாலதான் ஊருக்கு வர்ற அருள்குமார்கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன்.

பம்புசெட்டோட குடுக்கற விளக்கப் புத்தகத்துக்கு இங்க நான்தான் ராஜா. நான் சொல்லச் சொல்ல ரெண்டு பேரு டைப் அடிக்கிறாங்க. மேனேஜரே எந்திரிச்சு நின்னு கேப்பாரு. சரி, உக்காந்துதான் கேப்பாரு.

போன வாரம் சின்னதா ஒண்ணு ஆகிப்போச்சு, பயந்துக்காத. சுவிட்சைப் போடறதுக்கு முன்னால பம்புல தண்ணி ஊத்தி நிரப்போணும்னு நான் எழுதவே இல்லை. நம்மூர்ல அதை யாராச்சும் சொல்லித் தருவாங்களா? இங்க வாங்கினவங்க வெறும் பம்பை ஓட்டிப்போட்டாங்க. நாப்பது பம்பு சீல் கருகித் திரும்பி வந்துருச்சு.

இப்படிப் புத்தகம் எழுதற வேலைக்குன்னே பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கின, எங்க ஆபீஸ்ல இருக்கற லாஸ்யாங்கற கோயமுத்தூர்ப் பொண்ணுதான் தப்பைக் கண்டுபிடிச்சுது. "ஏனுங்க சார், படிக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சு எழுதோணுமுங்க. எங்களுக்கு மொதப் பாடமே அதுதானுங்க"ன்னு சொல்லுச்சு. மேனேஜர்கிட்ட என் பேரைச் சொல்லலை. அதுதான் இன்னும் கூச்சமா இருக்குது.

அக்கா மக ரித்திகா அதே பரீட்சைக்குப் படிச்சப்ப, "சர்டிபிகேட்டு எதுக்குக் கண்ணு, மாமனைப் பாரு"ன்னு சொந்தக்காரங்க முன்னால சிரிச்சு நிறுத்திப்போட்டேன். அவ மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது.

பருப்புப்பொடி அனுப்பு. புள்ளைங்க போட்டோவும் பெருசா ஒண்ணு அனுப்பு, செவுரு வெறிச்சுன்னு இருக்குது.

அருள்குமாருக்கு டாக்ஸி வந்துருச்சு. ரித்திகாவைப் பரீட்சைக்குப் பேரு குடுக்கச் சொல்லு. அவ நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. யாருக்குன்னு கேட்டா, ஆபீஸ்ல யாருக்கோன்னு சொல்லு. வேண்டாம், மாமனுக்குன்னே சொல்லிரு.

உன்
சென்னிமலை