அடுத்த படகு

ஞாயிறு, இரவு.

பழைய கம்ப்யூட்டரை இன்றைக்குப் போட்டுப் பார்த்தனான். நாங்கள் எழுதுகிற புரோகிராமை இயக்கித் தருகிற கம்பைலர் ஓடவில்லை. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறதென்று செட்டிங்கில் எழுதின பிறகுதான் ஓடியது. அதோடு, நானும் பளீலாவும் வகுப்பில் எழுதின புரோகிராமும் ஓடியது. கிண்ணியாவுக்குப் பாலம் வரமுன்னம், அவள் வீடு திரும்ப அடுத்த படகு எத்தனை மணிக்கென்று சொல்கிற புரோகிராம்.

அவளுடைய கணவர் மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம். என்ன கதைக்கிறதென்று தெரியாமல் நான் அவளுக்குப் போன் எடுக்கவேயில்லை. இன்றைக்கு எடுத்தனான்.

“பளீலா, அடுத்த படகு ஐந்தரைக்காம்.”

அவள் சொன்னாள், “அப்ப நேரம் இருக்கு. கொஞ்சம் கதைப்பம்.”

கணவருடைய கதையை அவளே தொடங்கினாள். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தனான்.