வெர்னாவிடம் பேசிய பேச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அடிக்கடி மாடி ஏறாதீர்கள். நான் நலம்.

அமெரிக்காவில், இந்த நெப்ராஸ்காவில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் பிரிட்டிஷ் டிவி தொடர்கள் என்றால் உயிர். "நர்ஸம்மா, அந்த அரண்மனைக்காரங்க மாதிரி பேசிக் காட்டுங்க" என்பார்கள். இங்கிலாந்துக்காரி என்றாலும், நம் ஊர் பார்ன்ஸ்லி பேச்சு இங்கே யாருக்கும் புரியாது. அதனால் டிவி துரைசானி போலப் பேசிப் பழகிவிட்டேன்.

போன வாரம் இங்கே இருந்த வெர்னா என்ற அம்மாள் இறந்துபோனார். கடைசி நேரத்தில்கூடப் பார்க்க யாரும் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசு கண்ணு" என்றார். அந்த நேரத்தில் எனக்குத் துரைசானிக் குரல் வரவில்லை. அப்பாவைப் பற்றி நம் வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன்.

"இது எந்த ஊர் பேச்சு? டிவியில கேட்டதே இல்லையே?"

"எங்கம்மா பேசுறது."

"ஒண்ணும் புரியல. ஆனா நிறுத்திடாத."

அவர் மூச்சு அடங்கும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

நம் டீத்தூள் இரண்டு பொட்டலம் அனுப்புங்கள். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் என் துரைசானிக் குரலைக் கேட்டு, அந்நியரிடம் பேசுவதுபோல் நீங்களும் மரியாதையாகப் பேசினீர்கள். இனி அப்படி வேண்டாம் அம்மா. வழக்கம்போல் திட்டியே பேசுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
லின்ஸி