பச்சையும் நீலமும்

வியாழன், இரவு.

பெரணமல்லூர்க்காரரின் மின்சார ஸ்கூட்டருக்கு இன்று மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியைப் புதிதாகப் போட்டேன். வயர்களை மஞ்சளோடு மஞ்சள், பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம் சேர்த்தேன். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சக்கரம் உதறியதே தவிர சுற்றவில்லை. மதியம் வரை மல்லாடினேன்.

சாந்தி வந்து எட்டிப் பார்த்தாள். கடையில் சேர்ந்து நாலு மாதம்தான். அதற்கு முன் தறிகளுக்குப் பட்டு இழை பிணைத்துக்கொண்டிருந்தவள். "கலர பாத்துகினு இருந்தா ஆவாதுண்ணா. மோட்டார் வேற கம்பெனி, கன்ட்ரோலர் வேற கம்பெனி" என்றபடி பச்சையையும் நீலத்தையும் மாற்றிக் கொடுத்தாள். சக்கரம் சுகமாகச் சுற்றியது.

"இனிமே என் வண்டிய அந்தப் பொண்ணே பாக்கட்டும்பா" என்றார் பெரணமல்லூர்க்காரர், என்னிடமே. பெட்ரோல் வண்டி வைத்திருந்த காலத்திலிருந்து என் வாடிக்கை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சாயந்திரம் அவள் போனதும், அவள் முடித்து வைத்திருந்த வேறொரு வண்டியில் இரண்டு வயர்களை மாற்றி இணைத்து, மேலே டேப் சுற்றிவிட்டு வந்தேன். காலையில் வண்டிக்காரர் முன்னால் அது உதறட்டும் என்றுதான்.

இரண்டே நிமிஷத்தில் சரிசெய்துவிடுவாள். அது போகட்டும். படுத்த பிறகுதான் உறைத்தது: நான் இடதுகைக்காரன். எங்கள் கடையில் டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறவன் நான் ஒருத்தன்தான்.