மூச்சு முட்டிய கார்

ஐப்பசி 12, ஞாயிறு

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து எங்கள் பழைய கார் நினைத்த இடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் தானாகக் கிளம்புகிறது. கள்ளக்குறிச்சி மெக்கானிக்கிடம் போனால் மட்டும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடிக் காட்டும். தொப்பையோடு நான் தள்ளுவதைப் பார்க்க பஸ் ஸ்டாண்டே திரும்பி நிற்கிறது.

"இன்னா மாமா, இன்னும் எவ்ளோ நாளு இத்தத் தள்ளிக்கினு இருப்பீங்க?" என்று கேட்ட மச்சான், நாளைக் காலையில் இந்தக் காரை வாங்க ஓர் ஆளையே வரச் சொல்லிவிட்டான். என் மனைவியும் தம்பி கட்சி.

இன்று மனைவியோடு வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கார் வளைவில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே ஸ்டார்ட் ஆனது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், டேங்குக்குள் காற்று போகும் சின்னத் துளையில் சந்தனம் காய்ந்து கல்லாக அடைத்திருக்கிறது. பூஜையன்று டயர் முதல் மூடி வரை அப்பியவன் மச்சான்தான்.

மனைவியிடம் ஊக்கு வாங்கி நோண்டினேன்.

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க அது."

"வண்டியும் மூச்சு வுடணும்டி."

வீடு வரைக்கும் ஒரு தரம்கூட நிற்கவில்லை. மச்சானோ, "தற்செயல் மாமா" என்கிறான். அவனுக்கு இதில் என்ன அவசரமோ, போகட்டும்.

நாளை வருகிறவருக்குக் காபி கொடுப்பேன், ஊர்க்கதை பேசுவேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.